புதன்கிழமைக்குள் நடப்பார்

ஞாயிறு, ஜூன் 1996, பாகாலா.

ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த காலத்தில், நோயாளிக்கு ஜெபித்துவிட்டு, "புதன்கிழமைக்குள் எழுந்து நடப்பார்" என்பேன். புதன்கிழமை நான் வேறு ஊரில் இருப்பேன். என் விசுவாசத்துக்கு ரயில்வேயும் உதவியது.

இப்போது உள்ளூர்ப் பாஸ்டர். இன்று, குவைத்திலிருந்து நெஞ்சுச்சளியோடு திரும்பிப் படுத்த படுக்கையாகிவிட்ட பக்கத்து வீட்டுத் தேவராஜுக்கு ஜெபித்தபோது, வாய்ப்பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவர் மனைவி சாந்தம்மா வந்தார். "ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன் பாஸ்டரய்யா. புதன்கெழம நடப்பாருன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு வர்றேன்."

"மாத்திரையும் கொடும்மா."

"என் விசுவாசத்த சோதிக்கிறீங்களா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சொன்னது கர்த்தர் அல்ல, நான்தான் என்று காலையில் சொல்லிவிட வேண்டும். சபை என்ன நினைக்கும்? சுவருக்கு அப்பால் தேவராஜ் இவ்வளவு நேரம் இருமிக்கொண்டிருந்தார். இப்போது சத்தம் இல்லை. காலைவரை பொறுக்க முடியாது. சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறேன்.