காற்றின் கண்

மார்ச் 4
ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் இந்த வாரம் வேர் தேடி எழுத எனக்கு வந்த சொல் 'விண்டோ'. 'காட்' என்னும் கடவுள், 'லவ்' என்னும் காதல் எல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு ஜன்னல். தலையெழுத்து.

அண்ணி இன்றும் முன்னறையில் படுக்கவில்லை. அண்ணன் இறந்து மூன்று மாதமாகிறது. அவன் கட்டிலருகே இருக்கும் ஜன்னல் தானாகத் திறந்துகொள்கிறதாம், அவன் வெளியே நின்று பார்க்கிறானாம். கொக்கி தேய்ந்திருக்கும் என்றேன். காதில் வாங்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை; எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

மார்ச் 7
சும்மா சொல்லக்கூடாது, நல்ல சொல்தான். வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மக்கள் கொண்டுபோனது. அவர்கள் வாயில் அது 'விண்டௌகா' — காற்றின் கண். கண்ணாடி ஏது அப்போது? சுவரில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். இங்கிலாந்துக்காரர்களிடம் ஏற்கெனவே 'கண்துளை' என்று ஒரு சொல் இருந்தது. வந்தது இருந்ததை விரட்டிவிட்டது. பிரெஞ்சிலிருந்து வந்த இன்னொன்றும் வெகுகாலம் போட்டியிட்டுத் தோற்றது.

மார்ச் 8
என் வாயை எதால் அடிப்பது? சாப்பிடும்போது பேச்சை மாற்றலாமே என்று அண்ணியிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அந்தக் காலத்துலயே தெரிஞ்சிருக்கு. செத்தவங்க அது வழியா பாப்பாங்கன்னு."

எழுந்துபோய் ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டாள்.

மார்ச் 10
அறை புழுங்குகிறது. அண்ணி கூடத்தில் உட்கார்ந்தபடியே விடியவிடிய விழித்திருக்கிறாள். இவளையும் தூக்கிக் கொடுத்துவிடுவேனோ?

மார்ச் 12
ஆசிரியர் தமிழ்ப் பக்கத்தையும் எழுதச் சொன்னார். ஜன்னல் போர்த்துகீசியர் கொடுத்தது. பழந்தமிழில் 'காலதர்' என்று ஒன்று இருக்கிறது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இதில் கண்ணே இல்லை! வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்: பார்க்கிறதுக்கு இல்லை அண்ணி, காற்று போகிற வழி.

எழுந்துபோய் ஆணி அடித்த ஜன்னல்முன் நின்றாள்.

"போற வழியா? அதைத்தானே நான் அடைச்சு வச்சிட்டேன்."

மார்ச் 13
வேலை முடிந்து வந்தால் ஆணியெல்லாம் தரையில். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அண்ணன் கட்டிலில் அண்ணி அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள். வயிறாரச் சாப்பிட்டாள்.

"அவரு போயிட்டாரும்மா. நல்லபடியா போயிட்டாரு."

இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி அனுப்புனீங்க?"

மார்ச் 14
'விண்டோ' அச்சுக்குப் போய்விட்டது. அண்ணி கடைக்குப் போயிருக்கிறாள், பல நாளுக்குப் பிறகு, தலை சீவிக்கொண்டு. நான் முன்னறை ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு தரம் திற அண்ணா.