மாமியார் எந்தப் பக்கம்?

மாகறல்,
10.6.2024

வக்கீல் பிரவீனா அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை. நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும், "எழுதி அனுப்புங்கம்மா, உட்கார்ந்து படிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுதுகிறேன், படியுங்கள்.

என் பெயர் அங்கம்மாள். உங்களிடம் வந்திருக்கும் துர்காவுக்கு நான் மாமியார். துர்காவும் என் மகன் விமல்ராஜும் சம்மதித்துப் பிரிந்துகொள்ளலாம் என்று அவனுக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். வீட்டு விலாசத்துக்கு வந்ததால் நான்தான் பிரித்தேன்.

அவன் வேலைக்கென்று சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு வருவான், மறுநாளே பையைத் தூக்கிக்கொள்வான். இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியது நானும் துர்காவும்தான். அவள் வந்த ஏழு வருஷத்தில் எங்களுக்குள் உப்புக்கும் புளிக்கும்தான் சண்டை வந்திருக்கிறது. அப்படிப்பட்டவள் மூன்று வாரம் முன்பு கூரத்துக்கு, அவள் அப்பா முனிசாமி வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை. என் போனையும் எடுப்பதில்லை. எடுக்காதே என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

நீங்களும் ஒரு பெண்தானே. ஊரில் இருக்கும் குடும்பத்தையெல்லாம் பிரித்துவிட்டு உங்களுக்குச் சோறு எப்படி இறங்குகிறது? புத்தி சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். தயிர் தோய்த்தால் புளித்துப் போகிறது, சாப்பிட ஆள் இல்லை.

கோபம் தீராமல்,
அங்கம்மாள்


காஞ்சிபுரம்,
18.6.2024

அன்புள்ள அங்கம்மாள் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபமாகப் பேசுகிறவர்களை எழுதச் சொல்வது என் வழக்கம். பாதிப் பேர் எழுதமாட்டார்கள். எழுதுகிறவர்களுக்குப் பதில் போடாமல் இருக்கமாட்டேன்.

நான் துர்காவின் வக்கீல். அவள் என்னிடம் சொன்னதை உங்களிடம் சொல்ல முடியாது. நான் வேலை செய்கிற விதத்தை வேண்டுமானால் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. ஜூனியர், குமாஸ்தா யாரும் கிடையாது. டைப் அடிப்பதிலிருந்து தண்ணீர் கேன் தூக்கி வைப்பது வரை நான்தான். விவாகரத்து என்று யார் வந்தாலும் முதல் நாள் கேஸ் எடுக்கமாட்டேன். சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பதினைந்து நாள் கழித்து வரச் சொல்வேன். சில பேர் வருவதே இல்லை. எனக்கு பீஸ் போச்சு, ஆனாலும் சந்தோஷம்தான். துர்கா பதினைந்தாம் நாள் காலையில் நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

மனுவைத் தமிழில் எழுதுவேன். இரண்டு பேரும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்து. அதில் யாரையும் திட்டி எழுதமாட்டேன். கூரத்துக்கும் மாகறலுக்கும் என்ன பெரிய தூரம்? சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் இரண்டு பேரும் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார நேரும். அன்றைக்கு அவர்களுக்குச் சோறு இறங்கவேண்டும். அதைப் பார்த்துக்கொண்டால் எனக்கும் இறங்கிவிடும்.

உங்கள் போனை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகனைத் தனியாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு வையுங்கள்.

அன்புடன்,
பிரவீனா


மாகறல்,
28.8.2024

வக்கீல் அம்மாவுக்கு,

மோர்க்குழம்பு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அதைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நான் செய்த கூத்தை நீங்களே பார்த்தீர்கள். பெஞ்சில் துர்கா உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷம், நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். டவாலி வந்து, "பையன் வூட்டுக்காரங்க அந்தப் பக்கம் போங்கம்மா" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். துர்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத்த, உங்களத்தான்" என்றாள். மூன்று மாசத்தில் அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். எதிர் பெஞ்சில் என் மகன் என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் இருந்த மனு நகலை வாங்கி மூன்று தரம் படித்தேன். மாமியார் கொடுமை என்று எங்காவது ஒரு வரி இருக்கும் என்று பயந்துகொண்டே தேடினேன். இல்லை. சென்னையில் அவனுக்கு இன்னொருத்தி இருக்கிறாளே, அதுவும் இல்லை. அது இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வருஷம் சித்திரையிலேயே எனக்குத் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு அவன் ரூமுக்குப் போனேன். கதவைத் திறந்தது அந்தப் பெண். முறுக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். துர்காவிடம் மூச்சு விடவில்லை. மகனைக் காப்பாற்ற இல்லை, சத்தியமாக இல்லை. சொன்னால் துர்கா என்னை விட்டுப் போய்விடுவாளே என்றுதான். சொல்லாமலே போய்விட்டாள்.

இதை நீங்கள் அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது. மருமகள் என்ற பேர் போனாலும் அவள் என்னை வெறுத்துவிடக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அங்கம்மாள்


காஞ்சிபுரம்,
2.9.2024

அன்புள்ள அங்கம்மாள் அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டதை நான் செய்யமாட்டேன். அது நீங்கள் போய்ச் சொல்லவேண்டியது. துர்காவுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. என் கட்சிக்காரியிடம் நான் எதையும் மறைக்கக்கூடாது. வருகிற திங்கட்கிழமை அவள் என் ஆபீசுக்கு வருகிறாள். அன்றைக்கு உங்கள் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். நடுவில் பிள்ளையார் சதுர்த்தி வருகிறது. அதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் அம்மா.

நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் விவாகரத்து ஆனது. என் வக்கீல் கேஸ் பலமாக இருக்கவேண்டும் என்று என் மாமியாரைப் பற்றி நான் சொல்லாததையெல்லாம் இங்கிலீஷில் எழுதினார். சட்டம் படித்த நான் அலுப்பில் ஒரு பக்கம் கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எனக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். இன்றைக்கும் பூக்கடைச்சத்திரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் அப்படித் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கறையுடன்,
பிரவீனா


மாகறல்,
10.9.2024

வக்கீல் அம்மாவுக்கு,

சனிக்கிழமை கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு கூரம் போனேன். சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. கொழுக்கட்டைத் தூக்கை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு வருஷம் எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, வீணா சந்தேகப்படறேன்னு நானே என்னைத் திட்டிக்கினு இருந்தேன் அத்த. பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." முனிசாமி காபி போடச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. நானே கிளம்பி பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மேல் வருத்தமும் இல்லை. அந்தப் பூக்கடைச்சத்திரத்து அம்மாவை நீங்கள் போய்ப் பாருங்கள்.

அங்கம்மாள்


காஞ்சிபுரம்,
6.3.2025

அன்புள்ள அங்கம்மாள் அம்மாவுக்கு,

நேற்று தீர்ப்பாகிவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் சொன்னபடியே உங்கள் கடிதத்தைத் துர்காவிடம் கொடுத்தேன். மனுவில் ஏதாவது சேர்க்கவேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். உங்களைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. இதைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி என் பழைய மாமியார் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை போகலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
பிரவீனா


மாகறல்,
9.5.2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

நலம்தானே கண்ணு? ஒரு கண்ணால் எழுதுகிறேன், வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள் ஆகிறது. உன்னிடம் ஒரு சட்டச் சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

விமல்ராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு காந்தாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட இருந்து கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டும் என்றார்கள். காந்தா என்னைக் கேட்காமலே கூரத்துக்குப் போன் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் துர்கா வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நர்ஸிடம் பாரத்தை வாங்கி மளமளவென்று எழுதினாள். "பையன் வரலியா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "அவர் வேற, நாங்க வேற" என்றாள்.

நான்கு நாள் இங்கேயே இருந்தாள். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது என்று என் டப்பாவில் இருந்த அதிரசத்தை எடுத்துக் காந்தா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். சொட்டு மருந்து விடும்போதெல்லாம், "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன் அத்த, கண்ணத் தொறங்க" என்பாள். நானும் திறப்பேன். அடுத்த கண்ணுக்கு ஆடி கழிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அது போதும்மா.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்தப் பாரத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் 'மருமகள்' என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போடும்போது நல்ல கண்ணால் நானே பார்த்தேன். தீர்ப்பாகி இரண்டு மாசம் கழித்து அப்படி எழுதினால் குற்றமா? அவள் மேல் கேஸ் ஏதும் வருமா?

குற்றம் என்றால் உடனே எழுது. இல்லையென்றால் பதில் போடவேண்டாம்.

அங்கம்மாள்