கம்பளி மெத்தைமேல் ஏற்றிய வீடு

இன்று காலை எங்கள் ஒரேத்தோ தெரு வீட்டுக்குக் கீழே, குப்பைத் தொட்டியருகில், யாரோ பழைய கம்பளி மெத்தையொன்றை எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். இரவு மழையில் அது ஊறி, தெரு முழுக்க ஆட்டு மணம். வேலைக்குப் போகிற அவசரத்திலும் கால் நின்றுவிட்டது. உன்னை நினைக்க ஒரு சாம்பிராணி மணமாவது வரக்கூடாதா? நனைந்த ஆட்டு மயிர்தான் வருகிறது. கேட்டால் நீயே சிரித்திருப்பாய்.

அந்த வருடம் நீ எழும்பி உட்கார முடியாமல் கிடந்தாய். நீ வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் யன்னல் துடைக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, முதுகில் ஒப்பரேஷன் செய்து, எல்லாமே படுத்தபடிதான். கலியாணம் முடிந்த கையோடு பிரிந்த உன் மனைவிக்கு அப்போது பார்த்துத்தான் விசா கிடைத்தது. தொலைபேசியில் அவளிடம் முதுகில் சின்ன நோ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாய். விமான நிலையத்துக்கு நான் போய்க் கூட்டி வருகிறேன் என்றேன், நீ கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் பிடிப்போமா என்றேன்.

"அதிலை போனா அவள் என்னைப் பாக்க முந்தியே மயங்கி விழுந்திடுவாள். நான் அங்கை நிக்கவேணும் மச்சான். படுத்துக்கொண்டெண்டாலும் நிக்கவேணும்."

உன்னோடு வாதாடி வென்றவர் யார்? பக்கத்து ஊர் பகேரியாவில் நான் தோட்ட வேலை செய்த வீட்டுக் கிழவரிடம் ஒரு காம்பர் இருந்தது. பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் பெட்டி வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன யன்னல். பிக்கப்பை அவர் எப்போதோ விற்றுவிட்டார். பெட்டி மட்டும் எலுமிச்சை மரத்தடியில் தன் நான்கு இரும்புக் கால்களில் நின்றது. வுச்சீரியா சந்தையில் பழம் விற்பவர் ஒருவரைக் கெஞ்சி, அவருடைய பிக்கப்பைக் கொண்டுவரச் செய்தேன்.

அந்த வண்டியின் பக்கச் சுவர்கள் உயரம். பெட்டி தட்டில் உட்காராமல், இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த தன் விளிம்புகளில் தொங்கியது. பாரம் அடியில் இறங்கவேண்டும், விளிம்பில் தொங்கினால் பிளந்துவிடும் என்று சொல்லி, பழக்காரர் தட்டு முழுக்கப் பலகை அடுக்கி உயர்த்தினார். நான்கு மூலைக்கும் சங்கிலி போட்டு இறுக்கினார். பெட்டி அசையாமல் அமர்ந்தது.

உன்னை ஏற்றித் தெருவை ஒரு சுற்று வந்தோம். ஒவ்வொரு கல்லும் உன் முதுகில் ஏறியது. நீ வாய்விட்டு அலறினாய். சிஞ்ஞோரா கழித்துத் தந்த கம்பளி மெத்தையைப் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் போடச் சொன்னாய். பழக்காரர் மாட்டேன் என்று தலையாட்டினார். கீழே இறுக்கமாக இருந்தால்தான் பெட்டி நிற்குமாம். நீ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அவர் சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைக் கால்களில் உயர்த்தினார். மெத்தை உள்ளே போனது.

நகரம் தாண்டி, கடல் பக்கத்தில் வரும்வரை நீ பாட்டுக்கூடப் பாடினாய். பிறகு பாரத்தில் கம்பளி அமுங்கிச் சங்கிலிகள் தொய்ந்தன. பெட்டி தொட்டில் மாதிரி ஆடியது. பக்கச் சுவரில் இரண்டு தரம் இடித்து, ஒரு பக்க விளிம்பு பிளந்து, சாய்ந்து நின்றது. இனி ஓட்ட முடியாது என்று பழக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். கடந்துபோகும் ஒவ்வொரு லொறியின் காற்றுக்கும் பெட்டி ஆட, நீ பல்லைக் கடித்தாய். விமானம் இறங்கும் நேரமாகிவிட்டது.

"என்னை விட்டிட்டுப் போ. அவள் அங்கை தனிய நிக்கப்படாது."

போனேன். டாக்ஸியில் திரும்பி வரும்போது உன் மனைவி, "அவருக்கு லீவு கிடைக்கேல்லையோ அண்ணை?" என்று கேட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரோட்டோரத்தில் சாய்ந்து நின்ற பெட்டியைக் காட்டி, அவர் அதற்குள் இருக்கிறார் தங்கச்சி என்றேன்.

அவள் ஏறியதும் பெட்டி இன்னும் சரிந்தது. பழக்காரர் வேறு வண்டி தேடி அந்த டாக்ஸியிலேயே போய்விட்டார். உடைந்த விளிம்புக்கு அடியில் என் தோளைக் கொடுத்துப் பிடித்தேன். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு சின்ன யன்னலுக்குள்ளால் உன் குரல் வந்தது.

"மச்சான், விடு. ஆடினா ஆடட்டும்."

நான் விடவில்லை. லொறி வரும்போதெல்லாம் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாரியில் முதுகுப் புண்ணிலிருந்து கிருமி உன் இரத்தத்தில் ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். உன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் தோள் கொடுக்க எனக்கு ஒரு மூலையாவது இருந்தது. அங்கே எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் நடுக்கம் அடங்கி மூச்சும் நின்ற பிறகு, தாதி வந்து என் விரல்களைப் பிரித்து எடுக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.