கோமதிக்கு ஒரு மணி நேரம்

ஆனி 22, திங்கள்

காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட சேலை மூன்று நாளாகக் காயவில்லை. ஈர வாடை. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் மேலகரம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சீசன் வந்தால் கொத்தமல்லி வாங்க ரோட்டைத் தாண்ட முடியாது.

ஸ்டெல்லா டாக்டரம்மா கிளினிக்கில் இன்று பேர் பதிந்தேன். பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் தென்காசியில் தன் வீட்டு முன்னறையிலேயே ஆரம்பித்திருக்கிறார். கூட்டம் சேர்க்க மாட்டாராம். கொஞ்சம் குடும்பங்கள்தான், ஆனால் ஒவ்வொருவரையும் தீர விசாரித்துப் பார்ப்பாராம். மருமகள் செல்வி விசாரித்துச் சொன்னாள். இந்தத் தெருவில் நான்தான் முதல் என்று நினைத்துக்கொண்டு அவளோடு போனேன்.

வாசலில் கோமதியின் செருப்பு. எனக்குத் தெரியாதா? வார் அறுந்து சிவப்பு நூலால் தைத்தது. என் கொழுந்தன் பெண்டாட்டி. நாற்பத்தேழு வருஷமாக எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய் நிற்கிறவள்.

உள்ளே மும்தாஜ். கடையநல்லூர்க்காரி, புருஷன் துபாயில். ஃபோன் எடுப்பது, பேர் எழுதுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் அவள்தான். "உள்ள இருக்கது கோமதிதானே?" என்றேன்.

"சொல்லக் கூடாது ஆச்சி."

"செருப்பு வெளிய கிடக்கே."

"செருப்பு சொன்னா கேட்டுக்கோங்க. நான் சொல்ல மாட்டேன்."

வாய்.

ஒரு தாள் கொடுத்தாள், கிளினிக் விதி. மறக்காது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்:

ஃபோன் செய்துவிட்டுத்தான் வர வேண்டும். சும்மா வந்து உட்காரக் கூடாது.
பத்து நிமிஷம் பிந்தினால் அன்றைக்கு நேரம் போயிற்று.
தின்கிற மாத்திரை எல்லாம் பையோடு கொண்டுவர வேண்டும். நாட்டு மருந்தையும் மறைக்கக் கூடாது.
அடுத்தவர் மாத்திரையைத் தின்னக் கூடாது. (செல்வி என்னைப் பார்த்தாள்.)
டாக்டருக்குப் பலகாரம், பழம், சேலை கூடாது.
ஒருவர் சங்கதியை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் ஒரு கட்டம். என் உடம்பைப் பற்றி யாரிடம் பேசலாம், ஒரே ஒரு பேர். மகன் பேர் சொன்னேன். யாரிடம் பேசக் கூடாது என்று எழுத எங்கே இடம் என்று கேட்டேன். அப்படிக் கட்டம் கிடையாதாம். "அப்ப ஓரத்தில எழுது. கோமதிகிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு எழுது." எழுதினாள். சிரிக்கவில்லை. கீழே என் கையெழுத்து, உலகம்மாள். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, ஆனால் நேராக இருக்கும்.

ஆனி 23, செவ்வாய்

மழை இல்லை, காற்று மட்டும். செல்வி வெண்டைக்காய் முற்றலாக வாங்கி வந்தாள்.

நேற்று மும்தாஜிடம் கொடுத்த என் பழைய பிரஷர் மாத்திரைச் சீட்டைத் திரும்ப வாங்கப் போனேன். ஃபோன் செய்துவிட்டுத்தான். பத்து மணிக்குக் கோமதி உள்ளே போனாள். சீட்டு அஞ்சு நிமிஷத்தில் கையில் வந்துவிட்டது. நான் எதிர்த்த பழக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றேன். கடைக்காரர் இரண்டு தடவை "ஆச்சி, பழம் வேணுமா" என்றார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அவள் வெளியே வரும்போது பதினொன்று அடித்து மூன்று நிமிஷம்.

ஒரு மணி நேரம். எனக்கு வெள்ளிக்கிழமை இருபது நிமிஷம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கையில் தூக்கு வேறு. எவர்சில்வர் தூக்கு, மூடியில் 'கோமதி' என்று பேர் வெட்டியது. பலகாரம் கூடாது என்று எனக்குத்தான் விதி போலிருக்கிறது.

ஆனி 24, புதன்

தூக்கை நினைத்துக்கொண்டே இருந்ததில் சோறு குழைந்துவிட்டது.

அந்தத் தூக்கு மாமியார் வாங்கினது. ஒன்றுதான் வாங்கினார்கள். பேர் வெட்டுகிறவன் தெருவில் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். மூத்த மருமகள் நான். மாமியார் வாசலில் நின்ற கோமதியைப் பார்த்து அவள் பேரைச் சொல்லிவிட்டார்கள். நான் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் 'கோ' வெட்டியாகிவிட்டது.

அவள் மேல் கணக்கு இன்னும் இருக்கிறது:

மாமியார் கடைசியாகக் காப்பி கேட்டது அவளிடம். பால் காய்ச்சினது நான்.

என் உளுந்தங்களியை அவள் பக்குவம் என்று அவள் மகன் கல்யாணத்தில் சமையல்காரனிடமே சொன்னாள்.

ஐந்தருவியில் பாசியில் வழுக்கிப் போனாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில். எல்லாரும் கத்தினார்கள். நான் அவள் சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள்? "அக்கா என் சடையைப் பிடிச்சு இழுத்துட்டா." தெரு முழுக்க. இழுத்ததுதான் தெரிந்தது, எதற்கு இழுத்தேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது டாக்டரும் அவள் பக்கம்.

ஆனி 26, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. சேலை காய்ந்தது.

என் முறை. ராத்திரியே யோசித்து, காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்துப் போனேன். ஒரு மணி நேரத்துக்குப் பேசக் காண வேண்டுமே. முழங்கால். இடது தோள். சாப்பிட்டதும் ஏப்பம். சாப்பிடாவிட்டாலும் ஏப்பம். காதில் வண்டு மாதிரிச் சத்தம். உள்ளங்கால் எரிச்சல். பேர் மறதி. (பொய். எனக்கு எதுவும் மறக்காது.) தூக்கமின்மை. படபடப்பு.

டாக்டரம்மா நல்ல மாதிரிதான். கையைப் பிடித்துப் பார்த்தார். பேர் மறதி என்றதும் மூன்று சொல் சொல்லி அப்புறம் கேட்டார், மூன்றையும் சொன்னேன். அவர் செவ்வாய்க்கிழமை கட்டியிருந்த சேலை நிறத்தையும் சொன்னேன். ஜன்னலில் பார்த்தது.

"மறதி இல்லம்மா உங்களுக்கு. கொஞ்சம் இருந்தா நல்லது," என்றார்.

இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் பேனாவை மூடினார். கேட்டுவிட்டேன். "சில பேருக்கு ஒரு மணி நேரம் பாக்கீய. எனக்கு மட்டும் ஏன் குறைச்சல்?"

"இங்க நேரத்தை எல்லாருக்கும் ஒரே அளவா வெட்டிக் கொடுக்கறது இல்லம்மா. யாருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"எனக்கும் வேணும்."

"ரத்தம், ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்துடலாம்."

முந்திரிக்கொத்து கொண்டுபோயிருந்தேன். பாசிப்பயறு வறுத்து, நானே உருட்டினது. மும்தாஜ் டப்பாவைத் திறக்காமலே திருப்பித் தந்தாள்.

"அப்ப கோமதி தூக்குல கொண்டு வந்தா வாங்குதிய."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது பலகாரம் இல்ல ஆச்சி." அடிக்காத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

என்னமோ இருக்கிறது. கோமதிக்கென்று தனி விதி.

ஆனி 29, திங்கள்

திரும்ப சாரல். பாலில் தண்ணீர். பால்காரனிடம் சொன்னால் மழை பெய்துவிட்டது என்கிறான்.

ரிசல்ட் வந்தது. டாக்டரம்மாவே ஃபோன் செய்தார். ரத்தம் நல்லாயிருக்கிறதாம். ஈசிஜி நல்லாயிருக்கிறதாம். சர்க்கரை கொஞ்சம்கூட இல்லையாம். "இந்த வயசுல இப்படி இருக்கறது பெரிய விஷயம்மா. இனி மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

செல்வி சந்தோஷமாக வெல்லம் தட்டிப் பாயசம் வைத்தாள். நான் குடிக்கவில்லை.

எனக்கு ஒன்றும் இல்லையாம். கோமதிக்கு மட்டும் வாரா வாரம் பார்க்கிற அளவுக்கு என்னவோ இருக்கிறது. மூன்று மாதம் நான் அந்தப் படியேற முடியாது.

ஆனி 30, செவ்வாய்

பத்து மணிக்குப் பழக்கடை. கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

பதினொன்று பத்து. கோமதி வெளியே வந்தாள். போய் எதிரே நின்றேன்.

"என்னட்டி, டாக்டர் வீட்டுலயே குடியிருக்கியோ?"

"நீங்களா அக்கா. எங்கன இவ்வளவு தூரம்?"

"பழம் வாங்க வந்தேன்."

கையைப் பார்த்தாள். பழம் இல்லை. கண்டுகொள்ளாத மாதிரி, "மழைக்குள்ள நிக்காதீய, சளி பிடிக்கும்," என்றாள்.

"உனக்கு என்ன செய்யுது? ஒரு மணி நேரமா என்னதான் பேசுத?"

"சும்மா பிரஷருதான்."

பொய். பிரஷருக்கு ஒரு மணி நேரமா? என் பிரஷரை மும்தாஜ் ரெண்டு நிமிஷத்தில் பார்த்தாள்.

ரவிக்கை தொளதொள என்று. கழுத்தெலும்பு தெரிகிறது. இடுப்பு கல்யாணம் ஆகி வந்தபோது இருந்த மாதிரி. நான் கீரையாகத் தின்றும் அரைக் கிலோ குறையவில்லை. இவள் இந்த வயதில் மெலிந்து நிற்கிறாள். டாக்டர் ஏதோ மெலிய மருந்து கொடுக்கிறார் என்று வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் சொன்னேன்.

செல்வி குழம்பைக் கிண்டுகிறதை நிறுத்திவிட்டு, "அத்தை, சின்னத்தை மெலியுதது நல்லதுக்கு மாதிரி தெரியல," என்றாள்.

அவளுக்கு எப்போதும் சின்னத்தைதான்.

ஆனி 32, வியாழன்

எழுத நேரம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு மும்தாஜ் ஃபோன். எனக்கு மூன்று மாதம் கழித்துத்தானே என்றேன். "உங்களுக்காக இல்ல ஆச்சி. இன்னொருத்தருக்காக. அவங்களும் இங்கதான் இருக்காங்க. வாரீயளா?"

ஆட்டோவில் போனேன். முன்னறையில் யாரும் இல்லை. மும்தாஜ் என்னை நேரே உள்ளே கூட்டிப் போனாள்.

கோமதி நாற்காலியில். தூக்கு மடியில். மூடி திறந்திருந்தது, கஞ்சி. ஒரேயடியாக நாலு வாய் குடித்தால் வயிற்றில் நிற்காதாம், ஒவ்வொரு வாயாகக் குடிக்கிறாள். அதைத்தான் நான் பலகாரம் என்றேன்.

டாக்டரம்மா ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் நிரப்பினது மாதிரியே ஒரு தாள், கோமதியுடையது. யாரிடம் பேசலாம் என்ற கட்டத்தில் 'உலகம்மாள், அக்கா'. கோமதியின் கோணல் கையெழுத்து. தேதி பார்த்தேன். வைகாசி. நான் பதிவதற்கு முந்தி.

"இவங்க அனுமதியோடதான் சொல்றேன்," என்று ஆரம்பித்தார். வயிற்றில் கட்டி. நல்ல கட்டி இல்லை. இவ்வளவு நாள் சோதனைக்கும், இவளைச் சம்மதிக்க வைக்கவும்தான் அந்த ஒவ்வொரு மணி நேரமும் போயிருக்கிறது. ஆடியிலிருந்து திருநெல்வேலியில் மருந்து ஏற்றுவார்கள். ஒவ்வொரு செவ்வாயும் இங்கே வந்து காட்ட வேண்டும். கூட ஒருத்தர் வேண்டும். சாப்பாடு, மாத்திரை, காய்ச்சல் எல்லாம் பார்த்துச் சொல்ல.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ரெண்டு மகன் பெத்து வச்சிருக்கே. ஒருத்தன் பேரைக் கொடுக்க வேண்டியதுதானே?"

"அவனுவ வெளிநாட்டுல இருந்து அழுவானுவ. நான் அவனுவளைத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல அக்கா."

"ஊருல வேற ஆள் இல்லையா?"

"இருக்காங்க. எல்லாரும் கரையில நின்னு கத்துவாங்க. ஐந்தருவில கத்துன மாதிரி." கஞ்சியை மூடினாள். "நீங்கதான் இறங்கிப் பிடிச்சீய."

"சடையைப் பிடிச்சு இழுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னியே!"

"வலிச்சுதே. சொல்லாம இருப்பேனா?" சிரிக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "இந்த மருந்துல முடி கொட்டிருமாம். இனிமே பிடிக்கச் சடை இருக்காது. கையைத்தான் பிடிக்கணும்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கையைப் பிடிக்கவில்லை. தூக்கை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வரும்போது மும்தாஜ் என் தாளை எடுத்து வைத்திருந்தாள். பேரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமாம், அதுவும் விதியாம். "ஓரத்தில எழுதினதை அடிச்சிரட்டுமா ஆச்சி?"

இப்போது நான் கோமதி பேரைப் போட்டால் அவளைப் பார்த்துப் போட்டது ஆகும். இதிலும் அவள்தான் முந்தி.

"இருக்கட்டும்," என்றேன்.

ஆடி 1, வெள்ளி

மழை. அருவியில் குளிக்க விடவில்லையாம், தண்ணீர் அதிகம். வண்டிகள் எல்லாம் திரும்பி வருகின்றன.

மருந்து முடிகிற வரை கோமதி இனி எங்கள் வீட்டில்தான்; அவள் பாயும் ஒரு பையும் வந்துவிட்டது. கீழ் அறை, எனக்கு எதிர்க் கட்டில். ஜன்னல் பக்கம் அவளுக்காம். செல்வி அப்படிப் போட்டிருக்கிறாள். கேட்கவேயில்லை என்னை. வந்ததும் கோமதி, செல்வி கைக் காப்பி நன்றாக இருக்கிறது என்று இரண்டு வாய் குடித்தாள். நான் போட்ட கஞ்சியை ஒரு வாய். செல்வியிடம் கேட்டு அந்தக் காப்பி அளவை எழுதி வைக்க வேண்டும்.

அவளுடைய மாத்திரைப் பை தனி. என் பையோடு கலக்கக் கூடாது. சிவப்பு நூல் கட்டி வைத்தேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, காலண்டர் தாளில்: கஞ்சியில் உப்புப் போடலாமா. எத்தனை வாய்க்கு ஒரு தடவை நிறுத்துவது. காய்ச்சல் எவ்வளவு வந்தால் ஃபோன் செய்வது. சாயங்காலம் கால் வீங்குகிறது, அவள் சொல்ல மாட்டாள், நான் பார்த்தேன். இப்படி இதுவரை பதினொன்று. என்னுடையது ஒன்பதுதான் இருந்தது.

செவ்வாய் பத்து மணி. ஒன்பதேகாலுக்கே ஆட்டோ சொல்லியாயிற்று, பத்து நிமிஷம் பிந்தினால் அவள் நேரம் போய்விடும். கடிகாரத்தைக் கையோடு கொண்டுபோவேன். அவளுக்கு ஒரு மணி நேரம். ஒரு நிமிஷம் குறைந்தாலும் டாக்டரைச் சும்மா விட மாட்டேன்.