ஆயுத பூஜையில் பொட்டு வைத்த பெடல்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. ரயில்வே கேட் வரை எதிரே வருவது தெரியவில்லை. ஷெட்டில் ரப்பர் மூட்டைகள் வந்து இறங்கின, ஒன்று கிழிசல்.

மதியம் பக்கத்து ஷெட் பாஸ்கர். உட்காரவில்லை. “மேடம், அந்தப் பெடலுக்கு நான் பேட்டன்ட் போட்டுக்கீறேன். ஜர்னல்ல வந்துடுச்சி. இனிமே நீங்க ஓட்டணும்னா என்னக் கேட்டுக்கினு ஓட்டுங்க.”

என் பெடலை! காலால் மிதித்தால் சூடான ரப்பர் வளையத்தை அச்சிலிருந்து தானே கழற்றித் தருவது. என் ஷெட்டில் அச்சு ஓட்டும் மெர்சியின் விரல்கள் வெந்து வெந்து தோல் தடித்துப்போனதைப் பார்த்து நான் வரைந்தது. செய்து, உடைத்து, மறுபடி செய்தது.

நான் சொன்ன பதில்: “டீ சாப்புடுறீங்களா?” சே.

பிப். 4, புதன்

தூக்கம் சரியில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

பேட்டன்ட் ஆபீஸ் ஜர்னலைத் திறந்து பார்த்தேன். படம் அப்படியே. ஸ்பிரிங்கை அவசரத்தில் தப்பான பக்கம் மாட்டியிருந்தேன். மாற்ற நேரமில்லாமல் விட்டிருந்தேன். அந்தத் தப்பும் அப்படியே. கண்டுபிடித்தவர் பாஸ்கராம்.

வீட்டில் இவர் சொல்கிறார்: “உடு, பேஜாரு புடிச்ச வேல. நாளைக்கு அவன் மூஞ்சில முழிக்கணும்.” கூச வேண்டியது அவன். நான் ஏன்?

எப்படிப் போனது என்று யோசிக்கவே தேவையில்லை. ஆயுத பூஜை. கேட்டைத் திறந்துவிட்டு, எல்லார் குடும்பமும் வந்து, பொரி, சுண்டல். புதிதாகச் செய்ததைத்தானே முன்னால் வைத்துப் பொட்டு வைப்போம்? பீரோவில் பூட்டியா வைப்போம்?

பிப். 6, வெள்ளி

சென்னை. வக்கீல் சின்னப் பெண், நேர் பேச்சு. குறித்துக்கொண்டவை:

– ஜர்னலில் வந்ததை வைத்து மட்டும் அவன் என்னைத் தடுக்க முடியாது. பேட்டன்ட் கிடைத்த பிறகுதான்.
– விண்ணப்பிக்கும் முன் ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதுசு இல்லை.
– அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டினால் சலுகை உண்டு. ஆயுத பூஜை அதில் சேராது.

கோட்டுப் போட்டவர்கள் கூடும் இடத்தில் காட்டினால் சலுகை. சாமி முன்னால் காட்டினால் போச்சு. இது என்ன நியாயம்?

“வீடியோ ஏதாவது இருக்கா மேடம்?”

மெர்சிக்கு போன். அவள் மகள் அன்றைக்கே யூடியூபில் போட்டிருக்கிறாள். பார்த்தோம். மாலை, கற்பூரம், பெடலை மிதித்துக் காட்டும் நான். பக்கத்தில் கையில் சுண்டலோடு பாஸ்கர். “இன்னா மேடம் இது, புச்சா கீது?” கேட்டுவிட்டு அவனே மிதித்துப் பார்க்கிறான்.

வக்கீல் சிரித்துவிட்டாள். பிறகு நிறுத்தி, “இத வச்சு எதிர்த்தா அவர் விண்ணப்பம் நிக்கிறது கஷ்டம். ஆனா உங்களுக்கும் பேட்டன்ட் கிடைக்காது. யார் வேணா செய்யலாம்னு ஆயிடும்” என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ரயிலில் பொன்னேரி தாண்டும்வரை பல்லைக் கடித்தபடி.

பிப். 9, திங்கள்

எதிர்ப்பு மனுவில் கையெழுத்து. எனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம் என்பது பெருந்தன்மை இல்லை. எனக்கு வேண்டும். என்னுடையது.

மெர்சியிடம் சொன்னேன். பெடலில் வைத்த காலை எடுக்காமலே கேட்டாள்.

“அப்போ இது யார்துதான் மேடம்?”

“யாருதும் இல்ல.”

“அப்டின்னா என் தங்கச்சி கம்பெனில ஒண்ணு செஞ்சிக்கட்டுமா? அவ கையும் வெந்துக்கினேதான் கீது.”

சுருக்கென்றது. அதற்குள் பங்கு போடுகிறாளே. ‘முடியாது’ நாக்கு நுனி வரை வந்தது. வளையங்களை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் வரைபடத்தை எடுத்தேன். அதிலும் ஸ்பிரிங் தப்பான பக்கம்தான்; சரியான பக்கம் மாற்றினேன். மெர்சிக்கு அனுப்பினேன்.

கீழ் மூலையில், வரைந்தவர்: ம. லலிதா. அதை எடுக்கவில்லை.