வலப்பக்க ஸ்ரியறிங்

ஏப்ரல் 6, 2025 – ஞாயிறு

இன்று காரை வெளியே எடுத்தேன். போன வாரத்து மழை, பனிக்காக வீதியில் தூவிய உப்பையெல்லாம் கழுவிவிட்டது, இனித் துருப் பயமில்லை. மாரி முழுவதும் கராஜுக்குள் கிடந்தும், சாவியைத் திருப்பியதும் உறுமியது. 1999 லான்சர் எவலூஷன், அந்த வரிசையில் ஆறாவது. ஜப்பானில் ஓடுவதற்கென்று செய்தது. வலப்பக்க ஸ்ரியறிங்.

மகன் றொய்சன் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் காரில் வந்தான், அதே வரிசையில் பத்தாவது. சோற்றைப் பிசைந்தபடியே தொடங்கினான்: "அப்பா, எழுபத்தெட்டு வயசில உது பெடியளின்ர கார். வித்திட்டு வேற ஒண்டு எடுங்கோ."

பெடியளின் காரா? இதன் சரித்திரம் அவனுக்கு என்ன தெரியும்? 92இல் ராலிப் பந்தயத்துக்குத் தகுதி பெறுவதற்காகவே ஒரு குடும்பக் காருக்குள் ரேர்போ எஞ்சினைப் புகுத்தினார்கள். அது முதலாவது. இரண்டிலும் மூன்றிலும் குறைகளைத் திருத்தினார்கள். நாலில் எஞ்சினையே மறுபக்கம் திருப்பி வைத்தார்கள். ஐந்தில் உடம்பை அகலமாக்கிப் பெரிய பிறேக் போட்டார்கள். ஆறில், காற்று உள்ளே போகவேண்டுமென்று நம்பர்த் தகட்டை நடுவிலிருந்து ஒரு பக்கம் தள்ளினார்கள். அழகு கெட்டாலும் எஞ்சின் குளிரவேண்டும் என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் வாங்கினேன். ஏழில் பாரம் ஏறியது. என்றாலும் ஒன்பது வரை அதே இரும்பு எஞ்சின். பத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அலுமினியத்தில் புதிதாகச் செய்தார்கள், தானாகக் கியர் மாற்றும் வகையும் வந்தது. றொய்சனுடையது அந்த வகை. பிறகு அந்த வரிசையையே மூடிவிட்டார்கள். எறிந்தால் அப்படித்தான் முடியும்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. மிசிசாகாவில் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் வேலை செய்த காலத்தில், சாப்பாட்டு நேரங்களில் கார்ச் சஞ்சிகைகளை அகராதியோடு இருந்து வாசித்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஓம், ஓம் என்றான், போனைப் பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 7

இப்படிப்பட்ட காரை ஜப்பானிலிருந்து இங்கே இறக்கவேண்டுமென்றால் அதற்குப் பதினைந்து வயதாகியிருக்க வேண்டும். கார் கிழடானால் உள்ளே விடுகிறார்கள். மனிதன் கிழடானால் சாவியைக் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 13 – குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து புறப்பட்டோம். மனைவி யூஜினி இடப்பக்க இருக்கையில் குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தாள். கோயில் வாசலிலிருந்து வோர்டன் வீதியில் இடப்பக்கம் திருப்பினேன். ஒரு பஸ் விளக்கை அடித்து அடித்து வந்தது. பஸ்காரனுக்குக் கண் தெரியாது –

இல்லை. எழுதுவதென்றால் சரியாக எழுதவேண்டும். இங்கே ஓடுவது வீதியின் வலப்பக்கம். வீதியைக் கடந்து அந்தப் பக்கம் போகவேண்டியவன், ஊரில் போல இந்தப் பக்கமே திருப்பிவிட்டேன். பஸ் அதன் வழியில்தான் வந்தது. யூஜினியின் கதவுப் பக்கமாக வந்தது.

அவள் கத்தவில்லை. "இஞ்சேருங்கோ, அங்கால. அங்கால பக்கம்." அவ்வளவுதான்.

பஸ் நின்றது. பின்னுக்கு எடுத்தேன். ஒன்றும் முட்டவில்லை. வீட்டில் இறங்கும்போதுதான் குருத்தோலை அவளுடைய காலடியில் நசுங்கிக் கிடந்ததைக் கண்டேன்.

ஏப்ரல் 14

வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்த நாளிலிருந்து இந்த நகரத்தில் கார் ஓடுகிறேன். ஒருநாளும் இப்படி நடந்ததில்லை. இந்தக் காரிலும் இத்தனை வருடம் நடக்கவில்லை. நேற்று மட்டும் ஏன்?

மன்னாரில் லொறி ஓடிப் பழகியவன் நான். வலப்பக்கம் இருந்தால் வீதியின் இடப்பக்கம் போ. அது தலையில் இல்லை, கையில் இருக்கிறது. இவ்வளவு காலமும் தலை கையை அடக்கி வைத்திருந்தது. இப்போது?

நாலில் எஞ்சினைத் திருப்பி வைத்தார்கள். என்னைத் திருப்பி வைக்க எவனால் முடியும்?

ஏப்ரல் 18 – பெரிய வெள்ளி

யூஜினி பஸ்ஸில் கோயிலுக்குப் போனாள்.  

ஏப்ரல் 20 – உயிர்த்த ஞாயிறு

குலசிங்கம் சொல்லிவிட்டான். அன்று கோயில் வாசலில் எங்களுக்குப் பின்னால் தன் வான் வண்டியில் நின்றவன். என்னை அமிர்தண்ணை அமிர்தண்ணை என்று வாய் ஓயாதவன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே என் மகனுக்குப் போன் எடுத்திருக்கிறான். இனி அவனோடு கதை இல்லை.

றொய்சன் வந்ததும் கையை நீட்டினான்.

"சாவியைத் தாங்கோ அப்பா."

"ஏலாது. முதல் நீ கியர் மாத்தப் பழகிப்போட்டு வா. பிறகு என்ர சாவியைக் கேள்."

"அம்மா செத்திருப்பா."

யூஜினி இறைச்சிக் கறியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 24

தனியே போனேன். கோப்பிக் கடையில் காரில் இருந்தபடியே வாங்கும் யன்னல் இடப்பக்கம். முன்பெல்லாம் யூஜினி கையை நீட்டி இரண்டு கோப்பையையும் வாங்குவாள். இன்று கியருக்கு மேலால் சரிந்து பார்த்தேன். எட்டவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். கோப்பியை விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 26

இன்றும் பிழையான பக்கம். விடிய, லோறன்ஸ் வீதியில். வீதி வெறுமையாக இருந்தது. ஒருவரும் காணவில்லை.

நான் கண்டேன்.

ஏப்ரல் 27

கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று றொய்சனுக்குச் சொன்னேன். ஜப்பானிலிருந்து சாமான் வரவேண்டும், அவசரமில்லை. நம்பிவிட்டான். கார் கார் என்பான், கிளட்சைப் பற்றி ஒன்றும் தெரியாது.

யூஜினிக்குத் தெரியும். போன வருடம் புதுக் கிளட்ச் பூட்டியபோது எனக்கு விளக்குப் பிடித்தவள் அவள்தான். காரை மூடத் துணியை விரித்தேன். கராஜுக்குள் வந்தாள். மற்ற முனையைப் பிடித்தாள்.

மே 4 – ஞாயிறு

பூசைக்குப் பத்தாவதில் போனோம். யூஜினி பின்னால் ஏறிக்கொண்டாள். என்னை முன்னால் ஏற்றினான் றொய்சன். இங்கத்தைக் கார்தானே, அவன் இடப்பக்கம். எனக்குக் கிடைத்தது வலப்பக்கம், என் ஆறாவதில் நான் இருக்கும் அதே பக்கம். முன்னால் ஸ்ரியறிங் மட்டும் இல்லை.

வழியில் கோப்பி வாங்கித் தந்தான். யன்னல் அவன் பக்கம், சுலபமாக எட்டியது. கார் பாரம்தான். பத்தைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்லும் மாறாது.

திரும்பும்போது கோயில் வாசலில் நின்று, இரு பக்கமும் பார்த்து, வீதியைக் கடந்து அந்தப் பக்கம் திருப்பினான். சரியாகத்தான் திருப்பினான். என் வலது கால், காலடி விரிப்பைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடுங்கோ," என்றாள் யூஜினி பின்னாலிருந்து. "அங்க பிறேக் இல்லை."

வீடு வரும்வரை எடுக்கவில்லை.