பம்புக்கு நல்லெண்ணெய்

12 செப்டம்பர் 1971, ஞாயிறு
மறுபடியும் அந்தச் சனியன் என் சமையலறையில். இவரும் ஆபீஸ் சிநேகிதர் உமர் ஃபாரூக்கும் சேர்ந்து அடையாற்றில் வாங்கிப்போட்டிருக்கும் ஓட்டைப் படகின் கைப்பம்ப். படகுக்குள் கசிகிற தண்ணீரை இறைக்க. உள்ளே வட்டமாக ஒரு ரப்பர். கைப்பிடியை ஆட்டினால் அது ஏறி இறங்கித் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லையாம். கடைக்காரன் மட்டமான ரப்பரைத் தலையில் கட்டுகிறானாம். நான் காய் நறுக்கும் இடத்தில் சேற்று நாற்றம். மந்தைவெளியில் வேறு எந்த வீட்டில் இந்தக் கண்றாவி?

13 செப்டம்பர்
புளி போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை.

28 செப்டம்பர், ஆயுத பூஜை
அரிவாள்மணை, கத்திரி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் நான் சந்தனம் குங்குமம் வைத்தேன். பம்புக்கு மட்டும் இவர் கையால் அபிஷேகம். புது ரப்பரை நல்லெண்ணெயில் முக்கி எடுத்து மாட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குக்கர் வாங்கின புதிதில் கேஸ்கட்டுக்கு எண்ணெய் தடவப்போய், அது உப்பி நாசமாய்ப் போனதே!

"ஏன்னா, எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிப்போயிடும்."

"இது குக்கர் இல்லே, போட். பம்ப் விஷயத்துல நீ வாயே தொறக்கப்படாது."

ஃபாரூக்கை வைத்துக்கொண்டு! அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு சுண்டல் சாப்பிட்டார்.

சரி. தொறக்கலை.

30 செப்டம்பர்
ஞாயிற்றுக்கிழமை சூடாமணியைப் படகில் முகத்துவாரம் வரை கூட்டிப்போகிறாராம். ஒன்பது வயசு. நீச்சல் தெரியாது. அது சந்தோஷத்தில் குதிக்கிறது. அந்த ரப்பரை நம்பியா என் குழந்தையை அனுப்புவேன்?

2 அக்டோபர்
இவர் கச்சேரிக்குப் போன சமயம் பம்பின் கைப்பிடியைக் கழற்றினேன். ஒரே ஒரு போல்ட்தான். சோப்பு போட்டுக் கழுவி ஒளித்துவிட்டேன். எங்கே என்று இங்கேகூட எழுதமாட்டேன்.

3 அக்டோபர், ஞாயிறு
காலையிலிருந்து ருத்ர தாண்டவம். "கைப்பிடி எங்கேடி?" நான் வாயைத் திறக்கவில்லை. சூடாமணி புதுப் பாவாடையோடு உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் நான்தான் ராட்சசி.

பம்பையே போட்டு உடைக்கப் போனார். ஃபாரூக் பிடுங்கிக்கொண்டார். "இருப்பா கல்யாணம், உள்ள இன்னா ஆச்சுன்னு பாத்துடலாம்."

பிரித்தால், ரப்பர் தண்ணீரில் ஊறின அப்பளம் மாதிரி. ஃபாரூக் விரல் வைத்தார், கிழிந்தது. அவர் சூடாமணியைப் பார்த்தார். அப்புறம் என்னை. இவர் யாரையும் பார்க்கவில்லை.

10 அக்டோபர்
ஒரு வாரமாகப் பேச்சில்லை. மன்னிப்பா? இவரா?

இன்று புது ரப்பர் வந்தது. எண்ணெய்ப் பாட்டிலைத் தாமே எடுத்து அலமாரியில் வைத்தார். பம்பை உள்ளும் புறமும் துணியால் துடைத்து, ரப்பரை உலர்வாகவே மாட்டினார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கைப்பிடி..." துணியை மடித்துக்கொண்டே, "குடுத்தா தேவலை."

வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே. அரிசி டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.

அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவட்டும்.